உச்சியில் நின்ற ராட்டினம்

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது, அத்தை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் இந்த ஒன்பதாவது மாடிக்குக் குடிவந்ததிலிருந்தே நீ ஒரு தடவைகூட வாசல்படி மிதித்ததில்லை. முதலில் கால்வலி என்றாய், பிறகு மருந்துக் கடையில் ஆளில்லை என்றாய், போன மாதம் பூனைக்கு உடம்பு சரியில்லை என்றாய். உன்னிடம் பூனையே கிடையாது அக்கா.

"அண்ணிக்கு என்னைப் பிடிக்கலைங்க, அதான் வரமாட்டேங்கறாங்க" என்று குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டே இவள் நேற்று அழுதாள். நீ எப்படிப்பட்டவள் என்று இவளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தக் கோடை விடுமுறையில் அப்பா நம்மைப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போன கதை இவளுக்கு மனப்பாடம். நம் பெட்டி உச்சிக்குப் போனதும் ராட்டினம் நின்றதே! "சமத்தா உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்களுக்காகக் கொஞ்ச நேரம் நிறுத்துவாங்கடா" என்றாய். நம் மொட்டை மாடியில் அம்மா காயப்போட்ட மஞ்சள் போர்வையைத் தேடச் சொன்னாய். நானும் கண்டுபிடித்தேன். அதைவிட நல்ல நாள் எனக்கு வாய்த்ததில்லை. உயரத்திலேயே வேலை வேண்டும் என்று நான் லிஃப்ட் மெக்கானிக் ஆனதும் அதனால்தான்.

கல்யாணமான புதிதில் இவளையும் அதே ராட்டினத்தில் ஏற்றினேன். நிற்கவே இல்லை. "நாங்க என்ன சேட்டை பண்ணோம்? ஏன் மேல நிறுத்தலை?" என்று ஆப்பரேட்டரோடு சண்டைக்குப் போனேன். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

உண்மையைச் சொல்லிவிடு அக்கா. இவளைப் பிடிக்கவில்லை என்றால் இனிமேல் நான் கூப்பிடவே மாட்டேன்.

கோபத்துடனும் அன்புடனும்,
தம்பி

ஏப்ரல் 15

என் பொடியனுக்கு,

கடையிலேயே பிரித்துப் படித்தேன். ஆப்பரேட்டரிடம் நீ சண்டை போட்டதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில், இருமல் மருந்து வாங்க வந்தவர் இருமுவதை நிறுத்திவிட்டார். அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மடையா, யாரும் நமக்காக நிறுத்தவில்லை. ராட்டினம் பழுதாகி நின்றது. கீழே அப்பா கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அவர் டாட்டா காட்டுகிறார் என்று நினைத்து நீயும் கையாட்டினாய். எட்டிப் பார்க்க எழுந்து வேறு நின்றாய். உன்னை உட்காரவைக்க வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அம்மா அன்றைக்கு எதையுமே காயப்போடவில்லை, நம் வீடு அந்தத் திசையிலேயே இல்லை. நீ எதைக் கண்டுபிடித்தாயோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இறங்கிய பிறகும் உன் சட்டைக் காலரை என்னால் விட முடியவில்லை. அப்பாதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அன்றிலிருந்து உயரம் எனக்கு ஆகாது. கடையில் மேல்தட்டு மருந்துக்கு முதலாளிதான் இந்த வயதில் ஏணி ஏறுகிறார். லிஃப்டைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிறது.

நீங்கள் குடிவந்த வாரமே நான் வந்தேன் தெரியுமா? லிஃப்ட் கதவு திறந்தது, மூடியது, நான் வெளியிலேயே நின்றேன். சரி, படி ஏறலாம் என்று போனேன். பாதி வழியில் ஜன்னல் வழியாகத் தரை தெரிந்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காவலாளிதான் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார். லிஃப்ட் மெக்கானிக்கின் அக்காவுக்கு லிஃப்டைக் கண்டால் பயம் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? உன் நல்ல நாளைக் கெடுக்கவும் மனசு வரவில்லை.

அந்தப் பெண்ணின் கண்ணைத் துடைத்துவிடு. குழந்தையின் போட்டோவைக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்களுக்கு மருந்தை எடுப்பதற்கு முன்னால் அதைத்தான் காட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 22

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். "அண்ணி எதுக்குங்க மேல வரணும்? நாமதான் கீழ போகணும்" என்றாள். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்னமும் தலையில் அடித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வருகிறோம்.

அந்த நாள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நீ காலரைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ஆனால் போர்வையை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

உன் பொடியன்

மே 3

பொடியா,

நீங்கள் கிளம்பிப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. உன் மகள் என் விரலைப் பிடித்தபடியே தூங்கிப்போனாளே, பிரிக்க எனக்கு மனசே வரவில்லை. கை மாட்டிக்கொண்டதே என்று உன் பெண்டாட்டிதான் எனக்குச் சோறு ஊட்டிவிட்டாள். அவளையா எனக்குப் பிடிக்காது?

குட்டிக்குப் பேச்சு வந்ததும் "அத்தை ஏன் நம்ம வீட்டுக்கு வர்றதில்லை?" என்று கேட்பாள். பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் நம்ப மாட்டாள். உன்னைப் போல ஏமாளி இல்லை, அவள் அம்மா சாயல்.

அதனால் வருகிற ஞாயிறு நான் வருகிறேன். நீ கீழே வந்து நில். கதவு மூடியதும் உன் காலரைப் பிடித்துக்கொள்வேன், சட்டை கசங்குகிறது என்று புலம்பாதே. மேலே போய்ச் சேரும்வரை எனக்கு ஏதாவது பொய் சொல்லிக்கொண்டே வா. பெரிய பொய்யாகவே இருக்கட்டும். நான் நம்புகிறேன்.

அக்கா