சிவப்புப் புள்ளி வைத்த டம்ளர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமாகத்தான் இருக்கிறேன். அதுதான் இங்கே பலருக்கு உறுத்துகிறது. மாத்திரை ஒரு வேளையும் தவறவில்லை. மூன்று கிலோ எடை கூடியிருக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளை பிறப்பதற்குள் நான் அந்த விடுதிக்குப் போய்விட வேண்டுமாம். அங்கே என்னைப் போல நாலு பேர் இருப்பார்கள், பேச்சுத் துணைக்கு ஆச்சு என்கிறாய். கையெழுத்து உன்னுடையது, வாசகம் உன் மனைவியுடையது. ‘கொஞ்ச நாளைக்கு’ என்று மூன்று இடத்தில் போட்டிருக்கிறாய். யாருக்குக் காது குத்துகிறாய்? செத்துப்போன என் வீட்டுக்காரர் எனக்கென்று விட்டுப்போனது இந்த எச்.ஐ.வி. வியாதி ஒன்றுதான். அதற்கு நான் ஏன் வீட்டை விட்டுப் போக வேண்டும்?

என் தையலைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூன்றாவது வீட்டு டீச்சரைத் தவிர எல்லாரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவளும் உள்ளே வருவதில்லை. என் டேப் மேலே படக்கூடாதென்று கேட்டுக்கு வெளியே நின்று தன் இடுப்பளவைத் தெருவுக்கே சொல்கிறாள். தெரு கேட்கிறதே என்று இரண்டு அங்குலம் குறைத்தும் சொன்னாள். தைத்தது இடுப்பில் ஏறவில்லை என்று சண்டைக்கு வந்தாள். சொன்ன அளவுக்குத் தைத்தேன், போ என்றேன்.

இனி டம்ளர் விஷயத்துக்கு வருகிறேன். நான் இங்கே வந்த வாரமே உன் மனைவி ஒரு டம்ளரின் அடியில் சிவப்பு நகப்பாலிஷால் புள்ளி வைத்து எனக்கென்று ஒதுக்கினாள். பக்கத்து வீட்டுப் பெண் தெரியாமல் அதை எடுத்தபோது, “அது அவங்களுது, தொடாதீங்க” என்று ஓடி வந்தாள். அதுவரை அண்ணி என்று கூப்பிட்ட வாய். சில மாதம் கழித்து நீ விடுமுறையில் வந்தபோது என் டம்ளரில் இருந்த புள்ளியைப் பார்த்தாய். பார்த்துவிட்டுக் கைபேசியை நோண்டினாய். அதை நான் மறக்கவில்லை.

நான் பாத்திரத்தை அழுத்தித் தேய்ப்பவள் என்று உனக்குத் தெரியும். ஒரு மாதத்தில் புள்ளி உரிந்துபோயிற்று. பின்வாசலில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரில் புள்ளி இல்லை என்றதும், வீட்டு டம்ளர் என்று நினைத்து உள்ளே கொண்டுபோய்விட்டாள். என்னுடையது எங்கே என்று கேட்டாள். காணோம் என்றேன். இன்னொன்றை எடுத்துப் புள்ளி வைத்தாள். அதுவும் உரிந்தது. இப்படி எட்டு மாதமாக நடக்கிறது. எண்ணிப் பார்த்திருந்தால் பிடித்திருப்பாள், பயம் எங்கே எண்ண விட்டது? வீட்டில் இருப்பது ஆறு டம்ளர். ஆறிலும் நான் குடித்திருக்கிறேன். நீ வந்திருந்த பத்து நாளும் குடித்தது என் முதல் டம்ளரில்தான்.

வயிறு குலுங்கச் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போன வாரம் அவளுக்கு ரத்தப் பரிசோதனை என்றபோது, டம்ளரால் ஒட்டாது என்று தெரிந்தும், அன்று ஒரே தையலை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். எல்லாம் சுத்தம், ஒரு வியாதியும் இல்லை என்று நர்ஸ் சொன்னதை அவளே போனில் அவள் அம்மாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அடுப்படியில் நின்று கேட்டேன். பக்கத்தில் அவள் குடித்து வைத்த டம்ளர் இருந்தது. நிறைமாதக்காரியிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

விடுதிக்கு நான் போகப்போவதில்லை. அப்பா நம் இருவர் பேருக்கும் எழுதிவைத்த வீடு இது. பிள்ளைக்கு எட்டுச் சட்டை தைத்து வைத்திருக்கிறேன். உன் மனைவி கொதிக்கவைத்தே போடட்டும், துணி தாங்கும்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்து நூறு வருஷம் இருக்கட்டும். ஒரே ஒரு தடவை அதை என் மடியில் போடச் சொல். சின்ன வயதில் நான் ஒரு வாய் குடித்துக் கொடுத்தால்தான் நீ பாலைத் தொடுவாய். அதை அவளிடம் நீயே சொல்.

வீட்டை விட்டுப் போகாத,
உன் அக்கா