எண்ணெய் தடவிய பிரேக்

அம்மா நப்பின்னை,

சைக்கிளின் முன்சக்கரத்தைக் காணாமல் பதறாதே; நான்தான் கழற்றிக் காட்டுப்பாக்கம் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோகிறேன். ஆயுத பூசையன்று அதன் பிரேக் டிஸ்க் பளபளக்கட்டுமென்று நல்லெண்ணெய் தடவிச் சந்தனப் பொட்டிட்டவன் நானே. நேற்று நீ, "பிரேக்கே புடிக்கலப்பா" என்றபோது, "கண்டபடி திருகினால் எப்படிப் பிடிக்கும்?" என்று உன் தோழியர் முன்னிலையில் கடிந்தேன்.

பிறகு கடைக்காரரைப் போனில் கேட்டேன். "இன்னா சார், பிரேக்குக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்னீங்களா?" என்று சிரித்தார். அதன்பின்னும், மாலை முழுதும் நீ திருகாணியோடு போராடுவதைக் கண்டு வாய்மூடியிருந்தேன். அந்தப் பிழையே பெரிது.

வெண்பொங்கல் அடுப்பின்மேல் மூடியிருக்கிறது, சூடாகச் சாப்பிடு.

அப்பா

பி.கு.: செம்பரம்பாக்கம் ஏரிக்குப் புறப்பட உன் தோழியர் வருவார்கள். இச்சீட்டை அவர்கள் எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படி.