சீர்ச் சம்படத்தில் இருந்த பெயர்

காரைக்குடி
ஆனி மாதம், சனிக்கிழமை

அன்பு மகள் ரேணுகாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். மெல்போர்னில் குளிர் ஏறிவிட்டது என்றாய், நீயும் மாப்பிள்ளை உதயகுமாரும் காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையார்பட்டியில் உங்கள் இருவர் பேருக்கும் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். இங்கே இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்தது, வெக்கை மட்டும் குறையவில்லை. அம்மாவின் முழங்கால் பழையபடிதான், உட்கார்ந்து எழும்போது ஒரு சத்தம் போடுகிறாள். என் கண்ணில் ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். நெட்டில் உள்ள நம் பலகாரப் பக்கத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தச் சீர்ப் படத்தை ஏன் நீக்கினீர்கள் என்று. படம் தெளிவாக இல்லை என்று சொன்னேன். அது பொய் ஆத்தா. படம் மிகத் தெளிவாக இருந்தது, அதனால்தான் நீக்க வேண்டியதாயிற்று. நீ விடாமல், அந்தப் படம் என்கிட்டயும் இருக்குப்பா, ஆடிச் சீர் வருதுல்ல, நானே மறுபடி ஏத்துறேன் என்றாய். கொஞ்சம் பொறு, எழுதி அனுப்புகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், எனக்கு வாய் வரவில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன், எழுதி முடித்ததும் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவேன். அந்தப் படத்தை ஏற்றாதே, உன் போனில் இருப்பதையும் அழித்துவிடு. ஏன் என்பதை முழுதாகப் படி.

வெறும் முறுக்குப் படம் யாருக்கு வேணும், எந்த வீட்டு விசேஷத்துக்குப் போகுது, எந்த ஊருன்னு போடுங்க, அப்பத்தான் சனம் நம்பும் என்று சித்திரையில் நீ சொன்னாய் அல்லவா, அது எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. பேப்பரில் முப்பது வருஷம் நான் செய்த வேலையே அதுதான், யார், எங்கே, எப்போது. ஓய்வு பெற்றவனுக்கு மறுபடி ஒரு பக்கம் கிடைத்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஊர், வீடு, விசேஷம் என்று எழுத ஆரம்பித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அதிரசத்துக்கு நிருபரான மொத ஆளு நீங்கதேன் என்று சிரித்தாள். ஆனாலும் ஆர்டர் கூடியது, அவளுக்கும் சந்தோஷம்தான்.

அமராவதிபுதூர் பொன்னுத்தாயியை உனக்குத் தெரிந்திருக்காது. விவசாயக் குடும்பம். வீட்டுக்காரர் தங்கச்சாமி இறந்து பல வருஷம் ஆகிறது, ஒரே மகள் நாகஜோதியை அந்தம்மாதான் வயலில் நின்று படிக்க வைத்தது. வைகாசியில் நாகஜோதிக்குக் கொத்தமங்கலத்தில் கல்யாணம். கல்யாணத்துக்கு முந்தின மாதம் அந்தம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். நம் ஊர்ப் பக்கம் பெண்ணோடு போகிற சீர்ப் பலகாரத்தை மாப்பிள்ளை வீட்டார் எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியும், ஒரு முறுக்கை ஒடித்து வாயில் போட்டுவிட்டுப் பெண்ணைப் பெற்றவளின் கையைப் பற்றித்தான் பேசுவார்கள். கை முறுக்குச் சுற்ற மணிக்கட்டு வேண்டும். அந்தம்மா தன் வீட்டு மூடிபோட்ட எவர்சில்வர் சம்படங்களை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்து, கடைப் பேரு எதுவும் ஒட்டிராதீக மதினி, என் சம்படத்துலயே போட்டுக் குடுங்க, நமக்குள்ள இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். அம்மா என்னிடம் சொன்னது, இதுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேணாமாம் என்பது மட்டும். ஏன் என்று நான் கேட்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் ஏன் என்று கேட்காமல் செய்தி கொண்டுவந்தால் அவர்களைத் திருப்பி அனுப்பியவன் நான். சீரில் விளம்பரம் வேண்டாம் என்று நினைக்கிறார்கள், நியாயம்தான் என்று நானே ஒரு காரணம் கட்டிக்கொண்டேன்.

காலை வெயில் முற்றத்தில் சாய்வாக விழுகிற நேரம், சம்படங்கள் வரிசையாகத் திறந்திருந்தன. கை முறுக்கு, அதிரசம், சீப்புச் சீடை, மாவுருண்டை எல்லாம் நிரம்பி இருந்தன. சம்படத்தின் வயிற்றில் த. பொன்னுத்தாயி, அமராவதிபுதூர் என்று பெயர் வெட்டியிருந்தது. ஒன்றில் அது சுவர்ப் பக்கம் இருந்தது, அதை நானே திருப்பி வைத்தேன், அழகாக இருக்கும் என்று. படம் போடட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். எண்ணெய்ச் சட்டியை விட்டு முகத்தைத் திருப்பாமல் போடுங்களேன் என்றாள், பலகாரத்தை மட்டும் எடுப்பேன் என்று நினைத்திருக்கிறாள், அவள் மேல் குற்றமில்லை. அமராவதிபுதூர் பொன்னுத்தாயி இல்லத் திருமணச் சீருக்கு எங்கள் அடுப்பில் சுட்ட பலகாரம் என்று எழுதினேன். கொத்தமங்கலம் என்று இடத்தையும் குறித்தேன். காசு கட்டி விளம்பரமாக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாய் அல்லவா, காரைக்குடி சுற்று வட்டாரம், பெண்கள், கல்யாணம் என்று நீ சொன்னபடியே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். நாம் யாரைத் தேடினோமோ அவர்களிடமே போய்ச் சேர்ந்தது.

நாகஜோதி மாப்பிள்ளையின் அக்காள் போனுக்கு அது போயிருக்கிறது. அந்தப் பெண் அதைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டு, நம்ம அத்தையோட கைப்பக்குவம் காரைக்குடியில கிடைக்குதாம், வேணுங்கிறவுக மெசேஜ் அனுப்புங்கப்பா என்று எழுதியிருக்கிறது. கல்யாணத்தன்று முறுக்கைப் பாராட்டிய பெரியவர் ஒருவர், படத்துக்கு மேலே இருந்த உன் அம்மா பேரைப் படித்துவிட்டு, அப்ப நான் காளீஸ்வரியையில்ல பாராட்டிருக்கேன், சம்பந்தியம்மா சும்மா தலையாட்டுனாகளே என்று கேட்டாராம். மாமியார் திட்டவில்லை, சிரித்துக்கொண்டே, ஆடிக்கு நாங்க ரெண்டு நாளு முன்னாடியே வந்துருவோம் ஜோதி, உங்கம்மா முறுக்குச் சுத்துற அழகைப் பக்கத்துல இருந்து பாக்கணும்ல என்றாராம். மறுவீடு வந்து பத்து நாள்கூட ஆகாத பிள்ளை, சாப்பிடுகிற இடத்தில் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பிள்ளை அன்று இரவே நம் பக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறது. அந்தப் படத்தை எடுத்துருங்க, அதுல எங்க அம்மா பேரு இருக்கு, இங்க பேசுறாக என்று. அறிமுகம் இல்லாதவர்கள் அனுப்புவது தனியாக ஓர் இடத்தில் கிடக்கும் என்று நீ சொல்லியிருந்தாய், நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. படத்துக்குக் கீழே விலை என்ன, மதுரைக்கு அனுப்புவீர்களா என்று வந்ததையெல்லாம் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து நான் எடுப்பதற்குள் மூன்றாம் நாள் ஆகிவிட்டது. அம்மா நாகஜோதிக்குப் போன் செய்தபோது, எடுத்துட்டீகளா அத்தை, சரி, அவுக எல்லாரும் போன்ல சேத்து வச்சுக்கிட்டாக என்று சொல்லி வைத்துவிட்டது.

அம்மாவும் நானும் அமராவதிபுதூருக்குப் போனோம். மாவுக்கட்டைப் பிரித்து சில நாள்தான் ஆகியிருக்கிறது, அந்தம்மா துணியை விரித்துப்போட்டு மாவோடு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, நிறுத்தி, இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, மறுபடி சுற்றினார். முறுக்கு கோணல்மாணலாக வந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து தண்ணீர் கொடுத்தார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை, மன்னிக்க வேண்டும் என்கிற சொல் அதில் இருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு அந்தம்மா சொன்னார், அன்னைக்குக் குடிதண்ணிக்குக் குடத்தோட நாங்க ரோட்டுல உக்காந்தப்ப நீங்கதானேண்ணே வந்தீக, எங்க பேரையெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டுப் போனீக, மறுநாளு பேப்பருல பொதுமக்கள்னு போட்டிருந்துச்சு, இப்பக் கேக்காமயே பேரு போட்டுட்டீக என்று. சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூடச் செய்தார். எனக்கு டம்ளரைக் கீழே வைக்கத் தெரியவில்லை. அம்மா துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாவைக் கிள்ளினாள். பொன்னுத்தாயி அவள் கையைப் பிடித்து விலக்கினார். வேணாம் மதினி, நீங்க தொட்டா அது கடைப் பலகாரம். கோபமே இல்லாத குரல், அதை என்னால் தாங்க முடியவில்லை.

பேப்பரில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். இதற்கும் நம் பக்கத்தில் ஒரு வருத்தம் தெரிவித்துவிடலாமா என்று பஸ்ஸில் வரும்போது நான் யோசித்தேன். உனக்கும் அப்படித் தோன்றும், வேண்டாம். எதற்கு வருத்தம் என்று நாலு பேர் கேட்பார்கள், அந்தப் பெயர் மறுபடி சுற்றும். அந்தம்மாவுக்கோ நாகஜோதிக்கோ நீ போன் செய்து ஆறுதல் சொல்லவும் வேண்டாம். நீ சொல்லிக்கொடுத்ததில் தப்பில்லை. ஒரு வீட்டின் பேரைப் போடுமுன் அந்த வீட்டைக் கேட்க வேண்டும் என்பதை உன்னிடம் கற்றுக்கொள்ள வேண்டிய வயதா எனக்கு. இனிமேல் பெயர், ஊர், முகம் எதுவானாலும் அம்மா ஆர்டர் கொடுப்பவரிடம் நேரில் கேட்டுச் சரி என்ற பிறகுதான் படம். பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றி அம்மாவுக்கு மட்டும் சொல். ஆண்பிள்ளையை இப்படிச் சொல்ல வைக்கிறாளே என்று நினைக்காதே, நானாகக் கேட்கிறேன்.

நேற்று அம்மா ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். ஆடி முடிகிற வரை நம் வீட்டில் பலகாரம் சுடப்போவதில்லை. நாம் அடுப்பை மூட்டியிருந்தால் பொன்னுத்தாயி கையொடியச் சுட்டு வைத்தாலும், இதுவும் காளீஸ்வரி வீட்டதுதானே என்று கொத்தமங்கலத்தில் ஒரு வாய் சொல்லும். ஏற்கெனவே வாங்கிய ஆடிச் சீர் ஆர்டர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், வேறு யாரிடம் கேட்கலாம் என்றும் சொல்லிவிடுகிறாள். இதனால் அந்தம்மாவின் கை வலி குறையப்போவதில்லை, அம்மாவுக்கும் அது தெரியும். சுட்டவருக்குச் சுட்ட பேராவது நிற்கட்டும் என்கிறாள்.

அதனால் நீ ஒன்று செய்ய வேண்டும். இன்று முதல் ஆடி முடியும் வரை எங்கள் அடுப்புக்கு ஓய்வு, ஆர்டர் எடுக்கவில்லை என்று மட்டும் எழுதி ஒரு படம் போடு. காரணம் எழுதாதே, காரணம் எழுதுனா அதையும் ஒரு செய்தியாக்கிருவாக என்று அம்மா சொல்கிறாள். போன தடவை நான் கட்டியது போல இரண்டு மடங்கு கட்டி விளம்பரமாக்கு. அமராவதிபுதூர் வேண்டாம், கொத்தமங்கலத்தைச் சுற்றி மட்டும் போகட்டும். ஆடி பிறக்கும் வரை தினமும் ஓடட்டும். அந்த வீட்டில் ஒருவர் விடாமல் பார்க்க வேண்டும்.

அங்கே பனியில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, மாப்பிள்ளையை நாங்கள் கேட்டதாகச் சொல். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த மனதும் கொடுக்கக் கற்பக விநாயகரை வேண்டிக்கொள்கிறேன். அம்மாவின் ஆசியும் இதில் சேர்ந்தது, அவள் படித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன். விளம்பரம் ஓட ஆரம்பித்ததும் எனக்கு வேண்டாம், அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு.

உன் அப்பா
சத்தியமூர்த்தி