அனுமதி இல்லாமல் வந்தேன், அக்கா

அக்கா,

பக்கத்து வீட்டில் நண்டுக்கறி கொதிக்கிறது. வாசனை வந்ததும் கதவைச் சாத்தப் போனேன், மனம் வரவில்லை. நம் ஊர் குருக்கள்மடத்தில், நீ இல்லாத உன் வீட்டில் இருக்கிறேன்.

வாவியில் பிடிபடும் நண்டை வாங்கி ஏற்றுமதிக் கம்பனிக்குக் கொடுத்துத்தான் என்னைச் சட்டம் படிக்க வைத்தாய். நான் கடல் கடந்து போய் அங்கே அரச வழக்கறிஞரானேன். ஒரு பொருளை வேறொரு நாட்டுக்கு விற்றால் தேசத்தின் பாதுகாப்புக்குக் கேடு வருமா என்று பார்ப்பது என் வேலை. அதைப் பற்றி வெளியே பேசமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

தொலைபேசியில் நீ சிரிப்பாய்: "நான் நண்டு விக்கிறத ஊருக்கே கத்திச் சொல்றன். உன்ர வேலைய எனக்கும் சொல்லேலாதோ புள்ள?"

"ஏலாதக்கா."

அந்தப் பதவிக்கு எடுக்கும்போது உறவினரைப் பற்றியெல்லாம் கேட்டார்கள். யுத்தத்தில் பிடித்துக்கொண்டு போன உன் கணவர், அத்தானைப் பற்றி என்ன எழுதுவது என்று உன்னிடம் கேட்டேன். "உள்ளத எழுது. செத்தவரெண்டு மட்டும் எழுதிராத" என்றாய்.

காணாமல் போனவர் என்றே எழுதினேன். அதன்பிறகு ஊருக்கு வருவதற்கு ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. பல முறை பதிலே வராது. வேலையை விட்டுவிடலாம் என்று நினைப்பேன். ஆனால் உன் நீரிழிவு மருந்து அந்தச் சம்பளத்தில்தான் வந்துகொண்டிருந்தது.

உனக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்று தகவல் வந்தபோதும் விண்ணப்பித்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். அதே வசனத்தை அன்று காலை நானும் ஏற்றுமதிக்கு அனுமதி கேட்ட ஒரு தொழிற்சாலைக்காரருக்கு எழுதியிருந்தேன். மாலையில் யாரிடமும் கேட்காமல் விமானம் ஏறிவிட்டேன்.

நான் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பவாவது சொல்லன் புள்ள, என்னதான் செய்யிறாய்?" என்றாய்.

காதருகே குனிந்தேன். "எந்தச் சாமான் எங்க போகலாம், எங்க போகக்கூடாதெண்டு சொல்றதக்கா."

கண்ணை மூடியபடி கேட்டாய்: "அப்ப நீ எங்க போகலாமெண்டு ஆர் சொல்றது?"

மறுநாள் நீ போய்விட்டாய்.

அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளை திரும்புகிறேன். ஊரில் யாரைச் சந்தித்தேன், என்ன பேசினேன் என்று கேட்பார்கள். உன் பெயரைச் சொல்வேன், நோயைச் சொல்வேன். நீ கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் சொல்லமாட்டேன், அக்கா. அவர்களுக்குத் தெரியாமல் நான் கொண்டுபோவது அது ஒன்றுதான்.