அப்பா பேசிய நாலு நிமிஷம்

ஜன. 10, சனி

காலையில் பனி. கூடவே மணலி ரிஃபைனரிப் பக்கத்து வாடை. ஜன்னலைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

காணும் பொங்கலுக்குத் தெருச் சங்கத்தில் பட்டிமன்றமாம். தலைப்பு: முதன்முதலாக வந்த ஸ்மார்ட்போன்களில் விஞ்சி நிற்பது நிறைகளா, குறைகளா? யார் மண்டையில் உதித்ததோ! நிறை அணிக்கு நான். குறை அணிக்குக் கோமதி (இனி கோ.). கன்டெய்னர் யார்டில் ஒரே கவுன்டரில் பதினாறு வருஷமாக உட்காருகிறோம். இப்போது எதிரெதிர் அணி.

என் பாயிண்ட்:
- ஹேங் ஆனால் பேட்டரியைக் கழற்றி மாட்டு. தீர்ந்தது.
- ஒரு கையில் அடங்கும்.
- எஃப்.எம். உண்டு.
- கீழே விழுந்தால் மூன்றாகப் பிரியும், உடையாது. (இதற்குச் சிரிப்பார்கள்.)

இட்லி மாவு வாங்க வேண்டும்.

ஜன. 12, திங்கள்

மதியச் சாப்பாட்டில் கோ.வோடு ஒத்திகை. அவள் பாயிண்டும் மோசமில்லை. "தமிழ்ல மெசேஜ் வந்தா கட்டம் கட்டமா கீது. நாலு போட்டோ எடுத்தா மெமரி ஃபுல்லுன்னு கத்தும்டி."

மெமரி ஃபுல் என்றதும் டப்பாவை மூடினேன். சொல்லிவிட்டேன். பதிமூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

அண்ணன் காதல் கல்யாணம் செய்ததில் அப்பா மூன்று வருஷம் அவரோடு பேசவில்லை. சாவதற்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் என் போன் ரெக்கார்டரில் பேசினார், அண்ணனுக்காக, நாலு நிமிஷம். அண்ணன் அப்போது கப்பல் வேலையில், நடுக்கடலில். வந்ததும் போட்டுக் காட்டலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் என் மகளின் ஸ்கூல் டான்ஸ். வீடியோ எடுக்கப் போனால் இடமில்லை. அவசரத்தில் கண்டதையும் அழித்தேன், அதுவும் போயிற்று. அண்ணனிடம், போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அப்பா மன்னித்துவிட்டார் என்றும் சொன்னேன். அது மட்டும் நிஜம்.

கோ. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் வாயிலேர்ந்து வராது. என் புள்ள மேல சத்தியம்."

மனசு லேசாக இருக்கிறது.

ஜன. 14, போகி

ஊரெல்லாம் டயர் புகை. கண் எரிச்சல். அண்ணன் போன் செய்தார். "நீ மேடையில பேசுறத பாக்க அண்ணிய இட்டுகினு வர்றேம்மா." மஞ்சள் புடவையா, நீலமா?

ஜன. 17, காணும் பொங்கல்

பாவி. படுபாவி.

நான் நன்றாகத்தான் பேசினேன். மூன்றாகப் பிரியும் என்றதற்கு விசில் பறந்தது. அடுத்து கோ. எழுந்தாள். தமிழ்க் கட்டம் எடுபடவில்லை. கூட்டம் சுண்டல் பக்கம் திரும்பியது. மைக்கை இறுக்கிப் பிடித்தாள்.

"நடுவர் அவர்களே! எதிரணித் தலைவியையே கேளுங்க. புள்ள டான்ஸ் வீடியோவுக்கு எடம் இல்லேன்னு, செத்துப்போன அப்பா அண்ணனுக்காகப் பேசுன கடைசிப் பேச்சையே அழிக்க வச்ச போனுங்க அது! தண்ணில வுழுந்துச்சுன்னு கூடப்பொறந்தவர்கிட்டயே பொய் சொல்ல வச்ச போனு!"

என்ன கைதட்டல்! மூன்றாவது வரிசையில் அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என் துண்டுச்சீட்டைப் பார்த்தேன்.

குறை அணி வெற்றி.

ஜன. 18, ஞாயிறு

கோ. வந்தாள், பரிசாக வந்த எவர்சில்வர் குடத்தோடு!

"இன்னாடி மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீறே? பட்டிமன்றம்னா சொந்தக் கதை சொன்னாத்தான் எடுபடும். பேரு கூட சொல்லல."

"புள்ள மேல சத்தியம் பண்ணியேடி."

"மேடையில வந்துட்ச்சுடி. நா இன்னா பண்ணட்டும்?"

கதவைச் சாத்தினேன். குடத்தை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் தலையிலேயே கவிழ்த்திருக்க வேண்டும். கூட இருந்தே குழி பறித்துவிட்டாள். அண்ணனுக்கு ஏழு தடவை போன். எடுக்கவில்லை.

ஜன. 19, திங்கள்

லீவு போட்டேன். அவள் மூஞ்சியில் எப்படி முழிப்பது?

பத்து மணிக்கு அண்ணன் வந்தார். உட்காரவில்லை. தண்ணீரும் வேண்டாம் என்றார்.

"அழிச்சது தப்பில்லம்மா. கைதவறிப் பூடும். தொட்டில வுழுந்துச்சுன்னியே, அது பொய்யி. அப்போ அப்பா மன்னிச்சாருன்னது? எனக்கு ஆறுதலுக்குச் சொன்னதா?"

அப்பா படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

"அவரு சொன்னத அப்டியே சொல்லு."

"'ஒன் பொண்டாட்டிய கூட்டிகினு வூட்டுக்கு வாடா'ன்னாரு."

அண்ணன் அப்பா படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அன்னிக்கி நீ அப்டி சொல்லலியேம்மா. 'பேரப்புள்ளைய பாக்கணும்'னு சொன்னாருன்னே."

இரண்டையும்தான் சொன்னார். நாலு நிமிஷம் பேசினாரே. அதைச் சொன்னேன்.

"சரிம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். நம்பவில்லை.