பல் டாக்டரின் நெட்வொர்க் அட்டை

மார்ச் 3
இன்றோடு, நெட்வொர்க் அட்டைகளை இயக்கும் பதினேழு டிரைவர் நிரல்களைப் புது முறைக்கு மாற்றியாயிற்று. கணினி தூங்கும்போது நெட்வொர்க் அட்டைக்கு மின்சாரத்தைக் குறைப்பதும், எழும்போது திருப்பிக் கொடுப்பதும் இதுவரை அந்தந்த டிரைவரின் சொந்தச் சமையல். இனி எல்லாருக்கும் பொதுவாகக் கணினியின் மைய நிரலான கெர்னலே பார்த்துக்கொள்ளும். ஆகவே என் வேலை பெரும்பாலும் பழைய வரிகளை அழிப்பது. அழிப்பதில் எனக்கு இத்தனை ஆனந்தமா?

அம்மா சொல்கிறாள்: "உன் புள்ளையத் தூங்க வைக்கிறது நானு. நீ பெட்டியத் தூங்க வைக்கிறியாக்கும்!"

மார்ச் 5
யார் எழுதியதைக் கெர்னலில் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் மெயின்டெய்னரிடமிருந்து மெயில். "பதினேழாவத அட்டையில ஓட்டிப் பாத்தீங்களா? பயன்படுத்துற ஒருத்தராவது இந்த மாசத்துக்குள்ள சோதிச்சுச் சொல்லணும். இல்லேன்னா டிரைவரையே தூக்கிடுறேன்."

அந்த அட்டையை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இருபது வருடப் பழசு. சீர்திருத்தம் செய்யப்போய் பாடை கட்டிவிட்டேனா?

மார்ச் 9
அந்த அட்டை யாரிடமாவது இருக்கிறதா என்று இணையத்தில் கேட்டிருந்தேன். ஒரே ஒருவர் பதில் போட்டிருக்கிறார். பல் டாக்டர். எக்ஸ்ரே கணினியில் இந்த அட்டைதானாம். "தூக்கிடாதீங்கம்மா. நான் சோதிச்சுத் தரேன்."

மார்ச் 10
"தூங்குச்சு. எழுந்துச்சு. ஆனா நெட்வொர்க் வரல. பேஷண்ட் வாயத் திறந்தபடி உக்காந்திருக்கார்."

ஐயோ! ஆளை உட்கார வைத்துக்கொண்டா சோதிப்பது?

மார்ச் 11
தப்பு என்னுடையதுதான். அட்டையை எழுப்புவது இனி கெர்னலின் பொறுப்பு. எழுந்த அட்டைக்கு அதன் முகவரியை மறுபடி சொல்வது இன்னமும் டிரைவரின் பொறுப்பு. இரண்டும் அடுத்தடுத்த வரிகள். ஒரே மூச்சில் இரண்டையும் அழித்திருக்கிறேன். இரண்டாவதைத் திரும்பச் சேர்த்து டாக்டருக்கு அனுப்பினேன்.

மற்ற பதினாறிலும்? உட்கார்ந்து பார்த்தேன். இரண்டில் இதே கைவரிசை. வெட்கத்தை விட்டு நானே மெயின்டெய்னருக்கு எழுதினேன். "நல்லவேளை, நீங்களே சொன்னீங்க" என்று பதில். மனுஷர்தான் போலிருக்கிறது.

மார்ச் 14
"மூணு தடவ தூங்க வச்சேம்மா. மூணு தடவயும் சமத்தா எழுந்துச்சு!"

மெயின்டெய்னர் ஏற்றுக்கொண்டார். அடுக்களையில் ஒரு ஆட்டம் போட்டேன்.

ஜூன் 20
பார்சல். உள்ளே அதே அட்டை, பஞ்சில் சுற்றி. "புது மெஷின் வாங்கிட்டேம்மா. இது உங்களுக்காவது ஆகும்." இதற்கா இத்தனை பாடுபட்டேன்? கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஜூன் 22
மெயின்டெய்னருக்கும் செய்தி எட்டிவிட்டது. "டாக்டரும் போயிட்டார். இப்பத் தூக்கிடலாமா?"

அட்டையை என் பழைய கணினியில் செருகி, ஒரு தூக்கம் போடவிட்டு எழுப்பினேன். அது வழியாகவே பதில் அனுப்பினேன்: "வேண்டாம். பயன்படுத்துற ஆள் ஒருத்தர் இருக்காங்க."