சிவப்பு டேப்புக்கு வெளியே ஒரு நாற்காலி

என்னங்க,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். அசந்து தூங்குனீங்க, எழுப்பலை. சாப்பாடு மேசை மேல மூடி வச்சிருக்கேன்.

நாலு மணிக்குப் படகு விக்கிறவர் வர்றார். ரெண்டு மிதவைப் படகுல எதுன்னு இன்னிக்கே சொல்லணுமாம். அளவு பார்க்க ஹால் தரையில ஒட்டின டேப்பை அதுவரைக்கும் பிச்சிடாதீங்க. சிவப்பு, சறுக்குமரம் வச்ச உங்க படகு. நீலம், கூரை போட்ட என் படகு.

நாம எட்டுப் பேர். நேத்து டேப்புக்குள்ள போட்டுப் பார்த்ததுல உங்க படகுல ஏழு நாற்காலிதான் பிடிச்சுது. அதுக்காக எங்கம்மா நாற்காலியைக் கோட்டுக்கு வெளியே போடுவீங்களா? அவங்க என்ன, பின்னாடியே நீந்தி வரணுமா? "சும்மா அளவுக்குத்தான் அத்தை"ன்னு நீங்க வழிஞ்சது எடுபடலை. நீலம்தான். பேச்சு முடிஞ்சது.

பி.கு: செருப்பு மாட்டும்போது ஹாலை எட்டிப் பார்த்தேன். அம்மா உங்க நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டுட்டு, சிவப்புப் படகுல ஓட்டுறவர் இடத்துல ஜம்முனு உட்கார்ந்திருக்காங்க. "இதையே வாங்கச் சொல்லு, நான்தான் ஓட்டுவேன்"ங்கிறாங்க. சரி, சிவப்பே வாங்குங்க.

இன்னொண்ணு: கார் சாவியைத் தேடாதீங்க. அம்மா கையில வச்சுத் திருகிப் பழகுறாங்க. கரைக்கு வந்ததும் கேளுங்க.